தானாக மூடிக்கொண்ட சீரியல்



கேரளத்து அகளியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் அடுத்த வீட்டில் அடுப்பை அணைக்க ஓடுவார்கள், அவ்வளவு நெருக்கம். போன இடவப்பாதிப் பருவமழையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், இரண்டு வீடு தள்ளி இருக்கும் என் அக்கா மகன் குடைகூடப் பிடிக்காமல் ஓடி வந்தான். சட்டைக்குள் எதையோ நனையாமல் பொத்தி வைத்திருந்தான்.

"மாமா, ரிமோட்டு செத்துப் போச்சுங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவன் ரிமோட் என்றது கேம் கன்ட்ரோலரை. ஷார்ஜாவில் இருக்கும் அவன் சித்தப்பா, தான் ஆடித் தீர்த்த பிளேஸ்டேஷன் 4 பெட்டியைப் போன லீவில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதோடு வந்த வயரில்லாத கன்ட்ரோலர் இது. டூயல்ஷாக் 4 என்று பெயர். 2013-இல் வெளிவந்த மாடல்.

நான் பழைய ரேடியோ மெக்கானிக். வால்வு செட்டில் ஆரம்பித்து டேப்ரிக்கார்டர், டிவி வரைக்கும் கழற்றி மாட்டியவன். இப்போது அந்த வேலை கிடையாது. ஆனாலும் எங்கள் லைனில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிற வீடு என்னுடையதுதான். கை வழக்கம்போல ஸ்க்ரூடிரைவரைத் தேடியது. அதற்குள் பையன் நடுவில் இருக்கும் பிஎஸ் பொத்தானை அழுத்திக் காட்டினான். நெற்றி விளக்கு வெள்ளையாக மினுக்கியது. கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்துபோனது.

செத்துப்போன சாமான் மினுக்காது. அது யாரையோ தேடியது, கிடைக்கவில்லை, படுத்துவிட்டது. அவ்வளவுதான்.

"உங்க வீட்டுல அழுத்துனா எப்படிடா எரியுது?"

"அங்க மினுக்காதுங்க. அப்படியே நின்னு எரியும். ஆனா கேம்ல ஒண்ணும் நகராது."

இந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிட்டது. விளக்கு நின்று எரிகிறதென்றால் கன்ட்ரோலருக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஆள் இவன் வீட்டுப் பெட்டி இல்லை. பின்னே யார்? அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தோம். பையன் கோபத்தில் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அழுத்தினான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பாட்டியின் குரல் வந்தது.

"மறுபடியும் மூடிக்கிச்சு பாரு! தொடாமலே சீரியல் மூடிக்குது! இந்த வீட்டுல என்னமோ நடமாடுது!"

விசாரித்ததில் கதை தெரிந்தது. முதல் நாள் சாயங்காலம் இவன் கன்ட்ரோலரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுச் சிநேகிதனின் ஆண்ட்ராய்டு டிவியில் ஆடப் போயிருக்கிறான். அந்த டிவியோடு அது ஜோடி சேர்ந்துவிட்டது. ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். கன்ட்ரோலர் மட்டும் மனதளவில் அங்கேயே இருந்துவிட்டது. இவன் வட்டப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம், 'பின்னால் போ' என்ற கட்டளை செங்கல் சுவரைத் தாண்டிப் போய்ப் பாட்டியின் சீரியலை மூடிக்கொண்டிருந்தது.

இந்த மாடல் ராமபிரான் மாதிரி ஏகபத்தினி விரதம். ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு சின்ன வித்தியாசம், கடைசியாக யாரோடு சேர்ந்ததோ அவரே பத்தினி.

ஜோடி சேர்ப்பது என்பது என்ன? இந்த கன்ட்ரோலர் உண்மையில் ஒரு வானொலி நிலையம். ரேடியோவில் நீங்கள் கேட்கிற நிலையங்களைப் போலவே, பொத்தானை அழுத்தியதும் அது அலையாக ஒலிபரப்புகிறது. மீடியம் வேவில் 999 கிலோஹெர்ட்ஸில் பேசிய கோவை நிலையத்தை அப்பா தினமும் திருப்பி வைப்பார். அந்த அலையின் நீளம் 300 மீட்டர். கோவைக்கும் எங்களுக்கும் நடுவில் ஆனைகட்டி மலை நின்றாலும் வளைந்து ஏறி வந்துவிடும். கன்ட்ரோலர் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அதன் அலை ஒரு சாண்கூட இல்லை, பன்னிரண்டரை சென்டிமீட்டர். அதற்கு மலையெல்லாம் வேண்டாம், குறுக்கே ஒரு தொந்தி போதும். நம் உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும்.

புளூடூத் 2402-இலிருந்து 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 வாய்க்கால்களை வைத்துக்கொண்டு, விநாடிக்கு 1600 முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் பேசுகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே சந்தில்தான் புழங்குகின்றன. அவற்றோடு முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தத் தாவல். இப்படிச் சேர்ந்து தாவ, யாரோடு பேசுகிறோம் என்று இரண்டு பேரும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் இல்லையா? அறிமுகமாகிக்கொள்ளும் அந்தச் சடங்குதான் ஜோடி சேர்ப்பது. 2002-இல் நிண்டெண்டோ வெளியிட்ட வேவ்பேர்ட் கன்ட்ரோலரில் இதெல்லாம் கிடையாது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிக்கிற மாதிரி சின்னச் சக்கரம் ஒன்று, அதில் 16 சேனல். இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்குத் திருப்பினால் முடிந்தது. எனக்கென்னவோ அந்தச் சக்கரம்தான் பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1980களின் நடுப்பகுதி வரைக்கும் வீட்டில் ரேடியோ கேட்கவே லைசென்ஸ் தேவைப்பட்டது. வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டியிருந்தது. கேட்பதற்கே அப்படி. இந்தப் பையன் கையிலிருப்பதோ ஒலிபரப்பியே விடுகிறது, லைசென்ஸ் எதுவும் இல்லை. காரணம், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005-இல் விதி செய்தது.

சரி, பாட்டியிடம் வருவோம். பக்கத்து வீட்டுக்குப் போய், டிவியின் செட்டிங்ஸில் ரிமோட், துணைக் கருவிகள் என்று இருக்கும் பகுதியைத் திறந்தேன். 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று பெயர் நின்றது. டூயல்ஷாக் அந்த மொட்டைப் பெயரில்தான் தெரியும், போனில் தேடும்போதும் அப்படித்தான். அதை எடுத்து 'மறந்துவிடு' கொடுத்தேன். பேய் போய்விட்டது. பாட்டி மட்டும் நம்பவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று டிவிக்கு முன்னால் விபூதி வைத்தார். நான் தடுக்கவில்லை.

இனி இவன் வீட்டுப் பெட்டியோடு சேர்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4-க்கு முறை சுலபம். யூஎஸ்பி வயரால் கன்ட்ரோலரைப் பெட்டியோடு இணைத்து, பிஎஸ் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், பிறகு வயரைக் கழற்றிவிடலாம். இணைத்தோம், அழுத்தினோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் செய்தோம், அதேதான்.

"சார்ஜ் ஏறுதே மாமா, வயர் நல்ல வயர்தான்" என்றான் பையன்.

அந்த வயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சார்ஜ் டார்ச்சோடு வந்ததாம். பழைய வயர்தானே என்று பிளேடால் தோலைச் சீவிக் காட்டினேன். உள்ளே ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. அத்தோடு சரி. இந்த மாதிரி யூஎஸ்பி வயரில் நான்கு கம்பி ஓட வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. விலை குறைந்த டார்ச்சுக்கும் பவர் பேங்குக்கும் வரும் வயரில் பல சமயம் பேச்சுக் கம்பியையே விட்டுவிடுவார்கள். சோறு போகும், சொல் போகாது. இந்த ஒரு விஷயத்தால் நல்ல கன்ட்ரோலரைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். அத்தானின் பழைய போன் வயரைத் தேடி எடுத்து மாட்டியதும் விளக்கு நீலமானது. பையன் கத்திய கத்தலில் பாட்டி மறுபடியும் எட்டிப் பார்த்தார்.

வயராலும் முடியவில்லை என்றால் கன்ட்ரோலரின் முதுகில், எல்2 பொத்தானுக்குப் பக்கத்தில், ஊசித் துளை ஒன்று இருக்கும். ஊக்கை நிமிர்த்தி உள்ளே விட்டு ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் பழைய உறவெல்லாம் அதற்கு மறந்துபோகும். போனோடு சேர்க்க வேண்டுமென்றால் ஷேர் பொத்தானையும் பிஎஸ் பொத்தானையும் சேர்த்து, விளக்கு இரட்டை இரட்டையாக வெட்டும் வரை அழுத்துங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு ஜோடி சேர்க்கத் தனிப் பொத்தானே உண்டு. ஆனால் 2016-க்கு முந்திய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர்களில் புளூடூத்தே இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு, போனில் தெரியவில்லையே என்று நாள் முழுக்கத் தேடாதீர்கள். நடுப்பொத்தானைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முகப்பின் தொடர்ச்சியாக இருந்தால் புளூடூத் உண்டு. மேலே இருக்கும் தோள் பொத்தான்களோடு சேர்ந்த பளபளப்புத் துண்டாக இருந்தால் கிடையாது.

இதற்கெல்லாம் இன்டர்நெட் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஊசி மழையில் டவர் போன நாளிலும் கன்ட்ரோலர் தன் பெட்டியோடு பேசும்.

ஒரு வாரம் நிம்மதி. அடுத்த வாரம் வேறு புகார்: "குதின்னா குதிக்க மாட்டேங்குதுங்க மாமா. யோசிச்சுட்டுக் குதிக்குது." போய்ப் பார்த்தால், எலிக்குப் பயந்து அக்கா அந்தப் பெட்டியை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்திருந்தாள். கதவில் ஒரு விரற்கடை இடுக்கு, வயர் போக. இரும்புப் பெட்டிக்குள் ரேடியோவை வைத்து ஸ்டேஷன் பிடித்த கதை. வெளியே எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்ததும் சரியானது. எலிக்கு வேறு வழி பார்த்தோம்.

பண்டிகைச் சந்தையில் விற்கிறார்களே, டிவியின் பின்னால் செருகும் கேம் குச்சியும் இரண்டு கன்ட்ரோலரும், அதிலும் இதே கதைதான். அதில் புளூடூத் கிடையாது. பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர் தருவார்கள். அதை டிவிக்குப் பின்னால் இருக்கும் குச்சியிலேயே செருகினால் டிவியே மறைத்துக்கொள்ளும். சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு முன்பக்கம் எடுத்து வையுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்லையும் அந்தக் கன்ட்ரோலர்களில் போடாதீர்கள். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், இது மடக் மடக்கென்று குடிக்கும். ஆல்கலைன் செல் போட்டாலே பாதிப் புகார் போய்விடும்.

கடைசியாக, போன மாதம் நடந்தது. பையன் கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். திரையில் பொம்மை தானாக இடது பக்கமாக நடந்து நடந்து பள்ளத்தில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. இந்த முறை பயந்தது பையன்.

இதற்கு அலை காரணம் இல்லை, தேய்மானம். கட்டைவிரலால் ஆட்டும் அந்தக் குமிழுக்கு அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கிறது. ஒன்று மேலும் கீழும் பார்க்கும், இன்னொன்று இடமும் வலமும் பார்க்கும். கரித் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உராய்ந்து ஓடும். பழைய ரேடியோவில் வால்யூம் திருகும்போது கரகரவென்று சத்தம் வருமே, அந்த வால்யூம் கன்ட்ரோலும் இதே சாமான்தான். அங்கே தடம் தேய்ந்தால் காதில் கேட்கிறது, இங்கே பொம்மை நடக்கிறது. புதிதாக வரும் சில கன்ட்ரோலர்களில் காந்தத்தை வைத்து, உராய்வே இல்லாமல் அளக்கும் ஹால் சென்சார் போடுகிறார்கள். 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு. இந்தப் பழைய மாடலில் அது கிடையாது.

அப்பாவின் ரேடியோவுக்காக வாங்கிய ஐசோபுரோபில் ஆல்கஹால் பாட்டிலில் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கன்ட்ரோலரை அணைத்துவிட்டு, குமிழின் இடுக்கில் இரண்டு சொட்டு விட்டு, நாலு பக்கமும் சுழற்றச் சொன்னேன். நன்றாகக் காயட்டும் என்று ஜன்னல் மேடையில் வைத்தோம். அரை மணி நேரம் கழித்துப் போட்டுப் பார்த்தான். பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது.

"இனி வராதுங்களா மாமா?"

"வரும். ஓணம் வரைக்கும் தாங்கும்."

ஓணத்துக்குச் சித்தப்பா ஊருக்கு வருகிறார். பையன் இப்போதே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.