கடல் பயணமும் மைனர் கணக்கும்

(நம் நலச் சங்கத்தின் கோடை விடுமுறைக் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



"பிள்ளைகளும் சாகசமும்" என்ற தலைப்பில் ஒரு பதினைந்து நிமிடம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பி.காம். பட்டதாரிக்கும் சாகசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நியாயம்தான். கடலில் நான் கால் நனைத்ததோடு சரி. ஆனால் ஓய்வுக்குப் பிறகு கடல் பயணம் பற்றிப் படிப்பதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. அப்படிப் படித்ததில் இரண்டு பெண் பிள்ளைகளின் கதையை இன்று சொல்லப் போகிறேன். இரண்டும் உண்மையில் நடந்தவை. இருவருமே பெற்றோரின் பாய்மரப் படகில் சிறுவயதைக் கழித்தவர்கள். ஒருவர் கடலிலிருந்து கரைக்கு வரப் போராடினார். இன்னொருவர் கரையிலிருந்து கடலுக்குப் போகப் போராடினார்.

முதலாமவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சூசன் குக். 1976-ல் அவருக்கு வயது 7. அவருடைய அப்பா கார்டன் குக்குக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. புகழ்பெற்ற மாலுமி கேப்டன் ஜேம்ஸ் குக், தன் மூன்றாவது பயணத்தை 1776-ல் பிளிமத் துறைமுகத்திலிருந்து தொடங்கினார். அதுவே அவருடைய கடைசிப் பயணமும்கூட. சரியாக 200 ஆண்டு கழித்து, அதே ஊரிலிருந்து, அதே வழியில் போக வேண்டும் என்பது அந்த ஆசை. 'வேவ்வாக்கர்' என்ற பாய்மரக் கப்பலில் மனைவி, மகள், மகன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பயணமோ பத்து வருடம் நடந்தது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா போகும் வழியில், இந்துமாக்கடலின் தென்பகுதியில் புயல். ராட்சத அலை ஒன்று கப்பலை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஏழு வயதுச் சிறுமிக்கு மண்டை ஓட்டில் முறிவு, மூக்கும் உடைந்தது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அந்த நிலையில் அப்பா ஆம்ஸ்டர்டாம் தீவைத் தேடிக் கண்டுபிடித்தார். அது அறுபது சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஒரு புள்ளி. அந்தக் காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. சூரியனும் நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்து, இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தீவைத் தவறவிட்டிருந்தால் குடும்பம் பிழைத்திருப்பது கடினம். ஆகவே அப்பாவை ஒன்றும் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தீவில் பிரான்ஸ் நாட்டின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அங்கிருந்த மருத்துவர் சிறுமியின் தலையில் பல முறை அறுவைச் சிகிச்சை செய்தார். மயக்க மருந்து கொடுக்காமலே செய்தார்.

சாகசக் கதை என்றால் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடலாம். என் மனதில் தங்கியது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

கேப்டன் குக் 1779-ல் ஹவாய் தீவில் கொல்லப்பட்டார். ஆக, ஹவாய் போய்ச் சேர்ந்தால் திட்டம் முடிந்தது, வீடு திரும்ப வேண்டியதுதான். பிள்ளைகள் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஆனால் கப்பல் வீடு திரும்பவில்லை. மேலும் மேலும் தீவுகள், மேலும் மேலும் வருடங்கள். வங்கி மொழியில் சொன்னால், மூன்று வருட டெபாசிட்டை, போட்டவரைக் கேட்காமலே பத்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டார்கள்.

அந்தப் பத்து வருடத்தில் அந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் நிலையாக அமையவில்லை. ஒரு துறைமுகத்தில் சிநேகிதி கிடைத்தால், நங்கூரம் எடுக்கும் நாளோடு அந்தச் சிநேகிதம் முடிந்தது. கப்பலில் கூட வந்தவர்களுக்குச் சமைப்பதும் சுத்தம் செய்வதும் பெண்பிள்ளை என்பதால் அவர் தலையில் விழுந்தது. பதின்வயதில் அவர் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்திரேலியாவின் அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றில் சேர்ந்தார். கப்பலுக்குள் இடம் கிடைத்த மூலையில் உட்கார்ந்து பாடம் எழுதுவார். அடுத்த துறைமுகம் வந்ததும் தபாலில் சேர்ப்பார். திருத்திய பாடம் எந்தத் தீவில், எந்த மாதம் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. காத்திருப்பார்.

16 வயதில், நியூசிலாந்தில் ஏரிக்கரை ஓரம் ஒரு சிறிய வீட்டில் அவரையும் தம்பியையும் விட்டுவிட்டுப் பெற்றோர் மறுபடி கடலுக்குப் போனார்கள். தம்பி பள்ளிக்கூடம் போனான். அக்கா வீட்டையும் பார்த்துக்கொண்டு, அஞ்சல் பாடத்தையும் படித்து, பல பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். ஆக்ஸ்போர்டின் சோமர்வில் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. உலகத்தின் மறு கோடிக்கு விமானம் ஏறிப் போய், விலங்கியல் படிக்க இடம் வாங்கினார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம், பிரிட்டன் நிதித் துறையில் பணி, பெரிய நிறுவனங்களில் உயர் பொறுப்பு என்று வளர்ந்தார். இன்று அவர் பெயர் சூசன் ஹேவுட். 2023-ல் கப்பலின் பெயரையே தலைப்பாக வைத்துத் தன் கதையை நூலாக எழுதினார்.

ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது என் தொழில் கற்றுத்தந்த பாடம். பெற்றோரின் பேரேட்டில் வேறு பதிவுகள் இருந்திருக்கலாம். பிள்ளைகளுக்கு உலகத்தையே காட்டினோம் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். ஆனாலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெண் தான் யார் என்று தெரிந்துகொண்டது, அப்பா தேர்ந்தெடுத்த கடலில் அலை அடித்தபோது அல்ல. தானே தேர்ந்தெடுத்த பாடத்தைத் தபாலில் போட்டபோதுதான்.

இனி இரண்டாமவர். நெதர்லாந்தைச் சேர்ந்த லாரா டெக்கர். இவருடைய பெற்றோரும் பாய்மரப் படகில் உலகம் சுற்றியவர்கள். அந்தப் பயணத்தின் நடுவிலேதான், 1995-ல், நியூசிலாந்தின் வாங்காரே என்ற துறைமுக நகரில் லாரா பிறந்தார். பிறந்து முதல் சில வருடங்கள் கடலிலேயே வளர்ந்தார். சூசனுக்குத் திகட்டிய அதே கடல் இவருக்கு வீடாகிவிட்டது. பெற்றோர் பிரிந்த பிறகு அப்பாவோடு வாழ்ந்த லாரா, சிறு வயதிலேயே தனியாகப் படகு ஓட்டக் கற்றார். 2009-ல், 13 வயதில், தனியாக இங்கிலாந்து வரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்த அதிகாரிகள் திகைத்துப் போய் அப்பாவை வரவழைத்தார்கள். அதே வருடம் லாரா, "நான் தனியாக உலகத்தைச் சுற்றி வரப் போகிறேன்" என்று அறிவித்தார்.

நாடே இரண்டுபட்டது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பெண்ணைக் குழந்தைகள் நலத் துறையின் மேற்பார்வையில் வைத்து, பயணத்துக்குத் தடை போட்டது நீதிமன்றம். இடையில் கோபத்தில் லாரா வீட்டைவிட்டு கரீபியன் தீவு ஒன்றுக்குப் போய், அங்கிருந்து திரும்ப அழைத்து வரப்பட்டார். அம்மாவும் ஆரம்பத்தில் இந்தப் பயணத்தை எதிர்த்தவர்தான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, "வேண்டாம்" என்பதற்கும் "சரி" என்பதற்கும் நடுவில் இருந்த அந்த ஏறக்குறைய ஒரு வருடம். அந்த வருடத்தில் முன்பைவிடப் பெரிய, உறுதியான படகு தயாரானது. லாரா முதலுதவி கற்றார். தனியாகப் போகிறவர் தொடர்ந்து தூங்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கி எழப் பழகினார். படிப்பு விட்டுப்போகாமல் இருக்கத் தொலைவழிக் கல்விக்கு ஏற்பாடு நடந்தது. 2010 ஜூலையில் நீதிமன்றம் மேற்பார்வையை விலக்கிக்கொண்டு, முடிவு பெற்றோரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அடுத்த மாதமே லாரா 'கப்பி' என்ற தன் படகில் புறப்பட்டார். கடற்கொள்ளையர் பயம் காரணமாக ஏடன் வளைகுடாப் பக்கம் போகாமல், ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து நேராகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு இந்துமாக்கடலைக் கடந்தார். அந்த ஒரு கட்டம் மட்டும் வாரக்கணக்கில் தனிமை. 2012 ஜனவரி 21-ல், 16 வயதில், கரீபியன் கடலின் செயின்ட் மார்ட்டின் தீவில் சுற்றை முடித்தார். கரையில் அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் நின்றார்கள்.

ஒரே கடல், கிட்டத்தட்ட ஒரே வயது. எது நல்ல பயணம், எது கெட்ட பயணம் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்து இந்த இரண்டையும் புரிந்துகொள்கிறேன். அது மைனர் கணக்கு.

பிள்ளை பெயரில் கணக்கு தொடங்கினால் பாதுகாவலராக அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடுவார்கள். பணம் பிள்ளையுடையது, கையெழுத்து பெரியவருடையது. பத்து வயது நிரம்பிய பிள்ளை, வங்கி வைக்கும் வரம்புக்குள், தானே கையெழுத்துப் போட்டுக் கணக்கை நடத்த விதி இடம் தருகிறது. 18 முடிந்த நாளோடு பாதுகாவலரின் கையெழுத்து அந்தக் கணக்கில் செல்லாது. பிள்ளை நேரில் வந்து புது மாதிரிக் கையெழுத்துத் தர வேண்டும்.

கவுண்டரில் உட்கார்ந்து நான் எத்தனையோ முறை பார்த்த காட்சி இது. 18 முடிந்த பையன் நிற்பான். கூட அப்பா வந்திருப்பார். "தம்பி, கார்டு வேணுமா, செக் புக் வேணுமா?" என்று பையனைக் கேட்டால் பதில் அப்பாவிடமிருந்து வரும். "சார், ஒரு நிமிஷம், தம்பியே சொல்லட்டும்" என்பேன். பையன் அப்பா முகத்தைப் பார்ப்பான். கையெழுத்துப் போடச் சொன்னால் பேனா தயங்கும். மூன்று இடத்தில் மூன்று விதமாக வரும். பத்து வயதிலிருந்தே சின்னச் சின்ன வரம்புக்குள் கையெழுத்துப் போட்டுப் பழகிய பிள்ளை மட்டும் கேள்வி கேட்கும்: "அங்கிள், இதுக்கு வருஷத்துக்கு எவ்வளவு பிடிப்பீங்க?"

லாராவுக்கு நடந்தது வரம்பு உயர்த்தியது. முதலில் பக்கத்து ஏரி, பிறகு பக்கத்து நாடு, பிறகு பயிற்சி, பிறகு உலகம். சூசனுக்கு வரம்பே கொடுக்கவில்லை. கடைசியில் முழுப் பொறுப்பையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர் கெட்டிக்காரர், சமாளித்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்கும் என்று நாம் எழுதி வைத்துக்கொள்ள முடியாது.

நம் வளாகத்தில் யாரும் நாளைக்கே பாய்மரப் படகு வாங்கப் போவதில்லை. வாங்கினாலும் நிறுத்த இடம் கேட்டு சங்கத்தில் பெரிய வழக்கு நடக்கும். ஆனால் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு பயணம் புறப்படத் தயாராக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப், எந்தக் கோச்சிங், எந்த ஊர் ஹாஸ்டல் என்று இப்போது வீட்டுக்கு வீடு பேச்சு. அவர்களுக்கு மூன்று கேள்விகளை விட்டுச் செல்கிறேன்.

ஒன்று, இது யாருடைய ஆசை? அப்பாவின் ஆசையில் தவறில்லை. லாராவின் கடல் ஆசைகூடப் பெற்றோரிடமிருந்து வந்ததுதான். ஆனால் பிள்ளையின் பெயரில் தொடங்கிய கணக்கா, நம் பெயரில் தொடங்கியதா என்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு, திரும்பும் தேதி உண்டா? "ஒரு வருஷம் முயற்சி செய்" என்று சொல்லி அனுப்பினால், வருடம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுங்கள். நீங்களாகவே புதுப்பிக்காதீர்கள்.

மூன்று, இறங்க வழி உண்டா? "எனக்கு இது ஒத்து வரவில்லை" என்று பிள்ளை வந்து சொன்னால், அதைக் கேட்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாரா? அப்பா, அம்மா முடியாவிட்டால் தாத்தா, பாட்டியாவது இருக்கட்டும். ஓய்வு பெற்ற நமக்கு அதைவிடப் பெரிய வேலை இல்லை.

இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லாராவுக்கு அனுமதி கிடைத்தது அடம்பிடித்ததால் அல்ல. ஓடிப்போனபோது திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். தயாராகிக் காட்டியபோது வழிவிட்டார்கள். உங்களுக்கு வரம்பு உயர வேண்டும் என்றால், இப்போது உள்ள வரம்புக்குள் ஒழுங்காகக் கணக்கு நடத்திக் காட்டுங்கள். மின் கட்டணம் கட்டுவது, பேருந்தில் தனியாகப் போய் வருவது, தாத்தாவின் மாத்திரையை வாங்கி மீதிச் சில்லறையோடு திரும்புவது, எல்லாம் அதில் சேர்த்திதான்.

பெரியவர்களே, ஜூன் மாதம் விண்ணப்பப் படிவம் வீட்டுக்கு வரும். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நீங்கள் போடுங்கள். மாணவர் கையெழுத்து என்ற இடத்தைப் பிள்ளை படித்துப் பார்த்துத் தானே போடட்டும். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.