வெட்கம் வேண்டாம், இரத்தம் காட்டிக் கொடுக்கும்

(காஜாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. இன்று எடுத்துக் கொண்ட விஷயமோ, ஆண்கள் தங்களுக்குள்ளேயும் பேசத் தயங்குவது. விதையில் உண்டாகும் புற்றுநோயைப் பற்றியும், அதை இரத்தச் சோதனை காட்டிக் கொடுப்பது பற்றியும் சொல்லப் போகிறோம்.

இது கிழவர்களைத் தேடி வரும் நோயன்று. 15 முதல் 40 வயது வரையுள்ள வாலிபர்களிடமே அதிகம் காணப்படுகிறது. விதையில் கட்டி, வீக்கம், கனம் ஆகியவையே அடையாளம். பெரும்பாலும் வலி இராது. வலிதான் இல்லையே என்று நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்றும் அஞ்சுகிறார்கள். பிறவியில் விதை பைக்குள் இறங்காத பிள்ளைகளுக்கு இந்த அபாயம் கூடுதல். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டர் கையால் பார்ப்பார், ஸ்கேன் எடுப்பார், அறுவைக்கு முன்பே இரத்தமும் எடுப்பார். அதில் மூன்று பொருள்களை அளப்பார்கள். முதலாவது ஏ.எஃப்.பி. இது கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தில் மிகுந்திருந்து, பிறந்த பின் குறைந்து போவது. இரண்டாவது எச்.சி.ஜி. பெண்கள் கர்ப்பமா என்று சிறுநீரில் பார்க்கிறார்களே, அதே பொருள்தான்! ஓர் ஆணின் இரத்தத்தில் அது ஏறி நின்றால் விசாரிக்க வேண்டாமா? மூன்றாவது எல்.டி.எச். இது நோயின் பளுவைக் காட்டும். வேறு பல காரணங்களாலும் ஏறும்.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். இரத்தம் சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. செமினோமா என்ற வகையில் ஏ.எஃப்.பி. ஏறுவதில்லை. கல்லீரல் கோளாறிலோ அது ஏறக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே டாக்டர் முடிவு சொல்வார்.

சிகிச்சைக்குப் பிறகுதான் இந்தக் கணக்கின் அருமை தெரியும். நோயுள்ள விதையை எடுத்த பின், ஏ.எஃப்.பி. 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை பாதியாகக் குறைய வேண்டும். எச்.சி.ஜி. 1 முதல் 3 நாளிலேயே பாதியாக வேண்டும். ஏ.எஃப்.பி. 800 இருந்தால் ஒரு வாரத்தில் 400, மறுவாரம் 200, அதற்கடுத்த வாரம் 100. கிராணிமார்களுக்கு இது எளிய கணக்கு! ஒரு நாள் பால் எடையை வைத்துக் கித்தா மரத்தை மதிப்பிட முடியுமா? பல நாள் கணக்கு வேண்டும். அளவு இறங்காமல் நின்றாலும், இறங்கி மீண்டும் ஏறினாலும், நோய் எங்கோ மிச்சமிருக்கலாம் என்று எச்சரிக்கை. சில வேளை ஸ்கேனில் தெரியுமுன்பே இரத்தம் இதைச் சொல்லிவிடும். ஆகையால், "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று சோதனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது.

இந்த நோய் தீருமா? தீரும். 1974இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுத்தார். அதுவரை நோய் பரவியவர்களில் பிழைத்தவர் சிலரே; இன்று பரவிய பின்னும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு இதே இனத்துக் கட்டி, இரு நுரையீரல்களுக்கும் நடுவே வந்தது. 2012இல் அதே ஐன்ஹார்னிடம் சிகிச்சை பெற்றார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இந்திய அணியில் மீண்டும் ஆடினார்!

தோழர்களே! டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளம் போகாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சேவைக் காலத்துக்குத் தக்கவாறு ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. போராடிப் பெற்ற உரிமையைப் பயன்படுத்தத் தயங்கலாமா? காஜாங்கில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்தில் புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது. கட்டி தென்பட்டால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். வெட்கம் நம் குடும்பத்துக்குச் சோறு போடாது. உயிரோடு இருக்கும் மனிதன்தான் போடுவான்!