கடைசித் தட்டிலிருந்த புத்தகங்கள்



இலக்கியம் பற்றிய உரைகளிலே பெரும்பாலும் பெரிய நூல்களைப் பற்றியே பேசுகின்றோம். இன்று, இலக்கிய வரலாறு ஓர் அத்தியாயமேனும் ஒதுக்காத ஒரு வகை நூலைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். பெரிய ஆங்கிலப் புத்தகக் கடைகளிலே விஞ்ஞானப் புனைகதைக்கென்று ஒரு பகுதி இருக்கும். அதன் கடைசித் தட்டுகளிலே எழுத்தாளரின் பெயர் சிறிதாகவும் திரைப்படத்தின் பெயர் பெரிதாகவும் அச்சான மலிவுப் பதிப்புகள் வரிசையாக நிற்கும். 'ஸ்டார் வோர்ஸ்', 'ஸ்டார் ட்ரெக்' போன்ற பெயர்களை நீங்கள் அறிவீர்கள். திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ முதலில் வந்து, அதன் கதையையும் பாத்திரங்களையும் கொண்டு பின்னர் எழுதப்படும் நாவல்கள் இவை. வசதி கருதி 'திரைவழி நாவல்' என்று இவற்றை அழைப்போம். இந்த நாவல்களுக்குக் கடைகள் ஒதுக்கும் இடம் இன்று சுருங்கி வருகின்றது. சுருங்கினால் நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலிலே இவ்வகை நாவல்கள் வளர்ந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1966ஆம் ஆண்டு 'ஃபென்டாஸ்டிக் வொயேஜ்' என்றொரு திரைப்படம் வந்தது. மருத்துவர்களை அணுவளவாகச் சுருக்கி, நோயாளி ஒருவரின் இரத்தக் குழாய்க்குள்ளே நீர்மூழ்கியில் அனுப்பும் கதை அது. அதை நாவலாக எழுதும் பொறுப்பு ஐசக் அசிமோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விரைவாக எழுதி முடித்துவிட, புத்தகம் படத்துக்கு முன்பே வெளிவந்தது. இதனால் அசிமோவின் நாவலைத்தான் படமாக எடுத்தார்கள் என்று பலர் இன்றும் நம்புகின்றார்கள். 1967இலே ஜேம்ஸ் பிளிஷ், 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கதைகளைச் சிறுகதைகளாக்கத் தொடங்கினார். 1976இன் இறுதியில், படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்னதாக, 'ஸ்டார் வோர்ஸ்' நாவல் வெளியாயிற்று. அட்டையிலே ஜோர்ஜ் லூக்கசின் பெயர் இருந்தது. எழுதியவரோ அலன் டீன் ஃபொஸ்டர்.

இவற்றை மக்கள் ஏன் வாங்கினார்கள்? அக்காலத்திலே ஒரு படத்தை வீட்டுக்குக் கொண்டு செல்ல வழியில்லை. தொலைக்காட்சியில் ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டால் மறு ஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டும். பார்த்ததைப் பத்திரப்படுத்தி வைக்கப் புத்தகம் ஒன்றே சாதனமாக இருந்தது. வீடியோ வந்தபின் அந்தத் தேவை மறைந்தது. ஆனாலும் இவ்வகை நாவல் மடியவில்லை. 1991இலே திமோதி ஸான் எழுதிய 'ஸ்டார் வோர்ஸ்' நாவல், படங்கள் நின்றுபோன இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தது. அது பெருவிற்பனை கண்டது. படம் சொல்லாத கதையைப் புத்தகம் சொல்ல முற்பட்டதனாலேயே அதற்கு இரண்டாவது ஆயுள் கிடைத்தது.

அந்த இரண்டாவது ஆயுளுக்கும் நெருக்கடி வந்தது. 2012இலே டிஸ்னி நிறுவனம் லூக்கசின் நிறுவனத்தை வாங்கியது. 2014இலே, அதுவரை வந்த நாவல்களெல்லாம் 'பழங்கதைகள்' என்ற வரிசைக்குள் தள்ளப்பட்டன. புதிய படங்கள் அவற்றுக்குக் கட்டுப்படமாட்டா என அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2011இலே, அமெரிக்காவின் பெரும் புத்தகக் கடைத்தொடர்களில் ஒன்றாகிய 'போர்டர்ஸ்' தன் கடைகளையெல்லாம் மூடிவிட்டது. எஞ்சிய கடைகளிலும் விளையாட்டுப் பொருள்களும் ஜப்பானியச் சித்திரக்கதைகளும் இடம்பிடித்தன. ஒரு காலத்திலே திரைவழி நாவல்கள் தங்கள் இடத்தைப் பறிக்கின்றன என்று சொந்தக் கற்பனையில் எழுதும் விஞ்ஞானப் புனைகதையாளர்கள் குறைபட்டதுண்டு. இப்போது இரு சாராருக்கும் இடம் குறைந்துவிட்டது.

தரமற்ற நூல்கள்தாமே, போகட்டும் என்று சொல்வோருக்கு நம் நாட்டிலேயே வாழ்ந்த ஒருவரை எடுத்துக்காட்ட விரும்புகின்றேன். 1956இலே இலங்கைக்கு வந்து, 2008 மார்ச்சில் கொழும்பில் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தவர் ஆதர் சி. கிளார்க். அவருடைய '2001' என்ற நாவலும் ஸ்டான்லி குப்ரிக்கின் அதே பெயர்கொண்ட படமும் ஒரே காலத்தில், இருவரும் கலந்து பேசிப் பேசி உருவானவை. 1968இலே முதலில் படம் வந்தது. பிறகு நாவல் வந்தது. படம் பெரும்பகுதி மௌனமாக நகரும். விண்கலத்தை நடத்தும் ஹால் என்னும் கணினி ஏன் மனிதரைக் கொல்லத் துணிந்தது என்பதைப் படம் விளக்குவதில்லை. நாவல் விளக்குகின்றது: உண்மையைச் சொல்வதற்கென ஆக்கப்பட்ட ஓர் அறிவிடம் உண்மையை மறைக்கும்படி கட்டளையிட்டார்கள்; அந்த முரண்பாட்டைத் தாங்காமல் அது நிலைகுலைந்தது. குற்றவாளியாகத் தோன்றிய இயந்திரத்தின் மீது நமக்கு இரக்கம் பிறக்கின்றது. வெளியிலிருந்து பார்க்கும் கமராவுக்கு எட்டாத உள்மனத்தை எழுத்து எட்டிவிடுகின்றது. திரையோடு பிறந்ததனால் மட்டும் ஒரு நாவல் தாழ்ந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த நாவலிலே விண்கலம் சனிக்கிரகத்துக்குச் செல்லும். படத்திலோ வியாழனுடன் நின்றுவிடும். 1982இலே கிளார்க் அடுத்த நாவலை எழுதியபோது தம் முதல் நாவலை விட்டுப் படத்தின் வழியையே பின்பற்றினார் என்பதும் சுவையான செய்தி.

இவையெல்லாம் தூர தேசத்துச் சங்கதிகள் என்று எண்ண வேண்டாம். 1983இலே லூக்கசின் கதையொன்று கண்டிக்கே வந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கிய 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தின் பல காட்சிகள் கண்டியைச் சுற்றிய இடங்களில் எடுக்கப்பட்டன. அந்தரத்தில் ஆடும் அந்தக் கயிற்றுப் பாலம், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கட்டுக்கு அண்மையிலே அமைக்கப்பட்டது. ஹந்தானை மலைச்சாரல், படத்திலே இந்தியக் கிராமமாக மாறிற்று; அக்கிராமத்துப் பெரியவராக நடித்தவர் சிங்கள நடிகர் டி.ஆர். நாணயக்கார. 1984இலே படத்தோடு நாவலும் வந்தது. எழுதியவர் ஜேம்ஸ் கான். நம் மலைகள் உலகம் முழுவதும் திரையில் ஓடின; ஆங்கிலத்திலே புத்தகமாகவும் விற்பனையாயின. அந்த மலைச்சாரலிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பிள்ளை தன் மொழியிலே எடுத்து வாசிக்க, அதையொட்டிய தமிழ் நூலொன்று நம் கடைகளுக்கு வந்து சேரவில்லை.

தமிழிலே இத்தகைய நூல்கள் இருந்ததே இல்லையா? இருந்தன. நம் பெற்றோர் தலைமுறையினர் நன்கறிந்த பாட்டுப் புத்தகத்தையும் கதை வசனப் புத்தகத்தையும் நினைத்துப் பாருங்கள். பாட்டுப் புத்தகம் கதையைப் பாதிவரை சொல்லி, மிகுதியை வெள்ளித்திரையில் காணுமாறு கேட்டு நின்றுவிடும். கதை வசனப் புத்தகமோ முழுவதையும் கொடுக்கும். 1952இல் வந்த 'பராசக்தி', 1954இல் வந்த 'மனோகரா' போன்ற படங்களின் வசனங்களைப் படித்தே மேடையிலே பேசக் கற்றவர்கள் எத்தனை பேர்! அடுக்குமொழியும் எதுகை மோனையும் தமிழ்ப் பாடநூலுக்கு முன்பே அவர்களிடம் சென்று சேர்ந்தன. தமிழ்ச் சினிமாவைச் சமூக வரலாற்றின் ஒரு கூறாகக் கொண்டு 1981இலே நூல் எழுதிய பேராசிரியர் கா. சிவத்தம்பி, இதை எள்ளி நகையாட வேண்டிய விஷயமாகக் கருதவில்லை.

அந்தப் புத்தகங்களுக்கு என்ன நேர்ந்தது? வானொலி ஒலிச்சித்திரமும் இசைத்தட்டும் ஒலிநாடாவும் வந்தன. 1984இலே வெளியான 'விதி' படத்தின் நீதிமன்ற வசனங்கள் தெருவெல்லாம் ஒலிநாடாவில் முழங்கின. காதாலேயே கேட்கக் கூடியதைக் காசு கொடுத்து வாசிப்பானேன்? கதை வசனப் புத்தகம் கடையிலிருந்து நீங்கிற்று. இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத் திரைவழி நாவல், படத்தின் நகல் என்ற நிலையிலிருந்து விடுபட்டுத் தனிக்கதை சொல்லத் தொடங்கியது; அதனால் மேலும் ஒரு தலைமுறை வாழ்ந்தது. நம்முடையது நகலாகவே நின்றது. மேலான நகல் வந்ததும் மாண்டது.

விஞ்ஞானப் புனைகதையைப் பொறுத்தவரை நமக்கு அந்தக் கடைசித் தட்டாக இருந்தவை சித்திரக்கதைகளே. 1972இலே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த ஆங்கில நாயகன், தமிழ்ப் பிள்ளைகளுக்கு அயலானாகவே தோன்றவில்லை. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005இலே நின்றுபோயிற்று. மற்றவை தொடர்ந்தாலும், முன்னர்போல் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் வெளியீடுகளாக அல்லாமல், பெரும்பாலும் பழைய வாசகர் சேர்த்து வைக்கும் பதிப்புகளாகிவிட்டன. நாவலிலே சுஜாதா தனியொருவராக ஒரு தட்டை நிரப்பினார். 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்து, நூலாகி, தொலைக்காட்சிக்கும் சென்றது. அவரும் கிளார்க்கும் 2008இலே சில வார இடைவெளியில் மறைந்தார்கள். 2010இலே 'எந்திரன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் கேள்விகள் எத்தனையோ! இயந்திரத்துக்கு மனம் வருமா, வந்தால் அது யாருக்குச் சொந்தம் என்றெல்லாம் கேட்டார்கள். அக்கேள்விகளோடு புத்தகக் கடைக்குப் போனவர்களை வரவேற்க அங்கே ஒரு தமிழ்த் தட்டு காத்திருக்கவில்லை.

நம் கண்டி நகரின் நிலைமையைச் சற்றுப் பாருங்கள். புத்தகக் கடை என்று பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே நுழைந்தால் அப்பியாசக் கொப்பிகள், தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள், சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள்கள், வழிகாட்டி நூல்கள். கதைப் புத்தகங்கள் பின்னிறாக்கைக்குப் போய்விட்டன. கடைக்காரரை நான் குறை கூறமாட்டேன். 2022இலே டொலரின் பெறுமதி இருநூறு ரூபாய் அளவிலிருந்து முந்நூற்றறுபதை எட்டியது. தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திலே பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. அத்தகைய காலத்தைக் கடந்து வந்தவர், விற்குமென்று உறுதியாகத் தெரிந்ததைத்தானே முன்னால் வைப்பார்?

ஆனால் இதே நகரத்துக்கு வேறொரு வரலாறு உண்டு. 1882இலே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை கண்டியிலே பிறந்தவர். 1885இலே அவர் எழுதிய 'அசன்பேயுடைய கதை'யே இலங்கையின் முதலாவது தமிழ் நாவல். அது எப்படிப்பட்ட கதை? எகிப்திலே களவாடப்பட்ட குழந்தை இந்தியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஆபத்துகள் பலவற்றைக் கடந்து மீளும் சாகசக் கதை. ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்ததே இப்படியொரு ஜனரஞ்சகக் கதையாகத்தான். தத்துவமும் சமூக விமர்சனமும் பின்னர் வந்தன. வாசகனை முதலில் கைபிடித்து அழைத்து வந்தது சாகசமே.

ஆகவே அந்தக் கடைசித் தட்டின் பயன் இன்னதென்று இப்போது சொல்லலாம். திரையிலிருந்து நூலுக்கு வருபவன் கால் வைக்கும் முதற்படி அது. படி கரடுமுரடாக இருக்கலாம். ஆனால் படியில்லாத வீட்டுக்குள் எவரும் ஏறமுடியாது. வகுப்பறையிலே நான் காணும் பிள்ளைகளுக்குக் கதைப்பசி குறையவில்லை. கைத்தொலைபேசியிலே ஒரு தொடரின் இருபது அத்தியாயங்களை ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, பாத்திரங்களின் உறவுமுறைகளைப் பிழையின்றிச் சொல்லுகின்றார்கள். அந்த நினைவாற்றலும் ஈடுபாடும் வாசிப்புக்கு வேண்டிய அதே குணங்கள். அவற்றை எழுத்தின்பால் திருப்புவதற்கு, அவர்கள் ஏற்கெனவே நேசிக்கும் கதையைவிட இலகுவான வழி வேறில்லை.

என்ன செய்யலாம்? வெளிநாட்டு நிறுவனங்களின் பாத்திரங்களைத் தமிழாக்க உரிமை பெறுவது செலவு மிக்கது. ஆனால் நம் சொந்தக் கதைகள் நம்மிடமே இருக்கின்றன. 1973இலே வீரகேசரி பிரசுரமாக வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1978இலே திரைப்படமாயிற்று. நாவலிலிருந்து திரைக்குப் பாதை போட நம்மால் முடிந்தது. சில்லையூர் செல்வராசன் திரைப்படத்துக்கென எழுதிய 'தணியாத தாகம்' நூலாகவும் வானொலித் தொடராகவும் மக்களிடம் சென்றது. அப்படியானால் திரையிலிருந்தும் வானொலியிலிருந்தும் நாவலுக்கும் பாதை போடலாம். நம் குறும்படங்களை, வானொலி நாடகங்களை, இளையோருக்கான சிறு நாவல்களாக விரித்தெழுத எழுத்தாளர் முன்வர வேண்டும். காட்சியை அப்படியே எழுதினால் போதாது. கமரா புகமுடியாத மனத்துக்குள் புக வேண்டும். பாடசாலை நூலகங்கள் சித்திரக்கதைக்கும் விஞ்ஞானப் புனைகதைக்கும் ஒரு தட்டையேனும் மனமுவந்து ஒதுக்க வேண்டும். கடைக்காரர், வினாத்தாள் அடுக்குக்குப் பக்கத்திலே ஒரு சாண் இடம் விட்டால் போதும். வினாத்தாள் வாங்க வரும் பிள்ளையின் கண் அங்கேதான் முதலில் படும்.

ஒரு மொழியின் வாழ்வை அதன் காவியங்களைக் கொண்டு மதிப்பிடுவது நம் வழக்கம். அதிலே தவறில்லை. ஆனால் காவியங்களை வாசிக்கப் போகும் கண்கள் முதலில் எழுத்தோடு பழகுவது எங்கே என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது யாரும் மதிக்காத அந்தக் கடைசித் தட்டிலேதான். அங்கே பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்திலே தமிழ்ப் புத்தகங்கள் சில எப்போதும் இருக்கட்டும்.