அவித்த மாவும் அந்துப் பூச்சியும்

பொழுது பட்டுக் குசினி விளக்கைப் போட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பூச்சி கோணல்மாணலாகப் பறக்கும். கைக்கு அகப்பட்டதை எடுத்து ஓங்கி ஒரு அடி. விழுந்துவிடும். வெள்ளவத்தையில் என் மாடிவீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தேன். சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தூள் படிந்ததே தவிர, பூச்சி குறையவில்லை.

எப்படிக் குறையும்? பறக்கிற அந்து எதையும் தின்பதில்லை. ஒன்றிரண்டு கிழமை உயிரோடிருந்து முட்டையிட்டுச் செத்துப்போகும். ஒரு பெண் பூச்சி நூறுக்கு மேலும் முட்டையிடும். தின்பதெல்லாம் புழு. அரிசியையும் மாவையும் நூலால் பிணைத்துக் கட்டியாக்கி, அதற்குள்ளிருந்து தின்னும். வண்டு வேறு, அந்து வேறு. அரிசிமணியில் ஓட்டை இருந்தால் வண்டு. நூல் கட்டியிருந்தால் அந்து. கொழும்புச் சூட்டில் ஐந்தாறு கிழமைக்குள் முட்டை பூச்சியாகிவிடும்.

அம்மம்மா வைத்தியம் என்றதும் எல்லாரும் வேப்பிலை, நொச்சியிலை, செத்தல் மிளகாய் என்பார்கள். இலை வாசம் வருகிற பூச்சியைக் கொஞ்சம் தயங்க வைக்கலாம். உள்ளே கிடக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. சரியாகக் காயாத இலையென்றால் பூஞ்சணமும் சேர்ந்துவரும். செத்தல் மிளகாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்தச் செத்தலுக்குள்ளேயே அந்து நூல் கட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

அம்மம்மாவின் உண்மையான வைத்தியம் தாச்சியிலும் அரிதட்டிலும் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குசினியை நினைத்துப் பாருங்கள். கோதுமை மா வீட்டுக்கு வந்ததும் துணியில் கட்டி அவிப்பார்கள். சூடு ஆறமுன் கட்டி உடைத்து அரிப்பார்கள். இடித்த அரிசி மாவை வறுப்பார்கள். பயறை வறுத்துக் கோது நீக்குவார்கள். தூளுக்குச் செத்தலும் மல்லியும் வறுபடும். புட்டு உதிரவேண்டும், கறி மணக்கவேண்டும் என்று செய்த வேலைதான். ஆனால் 60 பாகைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தாலே அந்தின் முட்டையும் புழுவும் மிஞ்சாது. ஆவியின் சூடோ 100 பாகை. எஞ்சிய நூல்கட்டி அரிதட்டில் தங்கிவிடும். அந்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பைக்கற்றில் வரும் வறுத்த மாவுக்கு மாறியபோது நாங்கள் கைவிட்டது இந்தக் காவலையும்தான்.

குறையும் உண்டு. மாவைச் சுளகில் பரப்பி ஆறவிட்டு மறந்துபோவார்கள். பொழுது பட்டதும் பெண் பூச்சி வந்து அதில் முட்டை வைக்கும்; அவித்த பாடெல்லாம் வீண். துணியால் மூடி ஆறவைத்து அன்றைக்கே அடைக்கவேண்டும். வெயில் காட்டுவதிலும் இதே கதை, பின்னேரம் நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிடவேண்டும். தீட்டிய அரிசியை மட்டும் கொளுத்தும் வெயிலில் போடாதீர்கள். மணி வெடித்துக் குறுணலாகும். நிழலில் புடைத்து எடுத்தால் போதும்.

சரி, கொழும்பு கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் முற்றம் எங்கே? மொட்டைமாடித் திறப்பு யாரிடம்? களனி கங்கை கடலில் சேரும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்க, வீட்டுக்குள் வருகிற காற்றும் ஈரக் காற்று. வெயிலுக்குப் பதிலாக எங்களுக்கு இருப்பது குளிர். ரவை, பருப்பு, குரக்கன் மா, கச்சான் எதுவானாலும் வாங்கி வந்தவுடன் இறுகக் கட்டி, உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டு புழுவின் வளர்ச்சியைத்தான் மந்தமாக்கும். வெளியே எடுத்ததும் கட்டை அவிழ்க்காதீர்கள். குளிர் விடமுன் திறந்தால் மா வியர்த்துவிடும்.

புறக்கோட்டை நாலாங் குறுக்குத் தெருவில் மொத்தமாக வாங்கினால் மலிவுதான். ஆனால் பொலித்தீன் பையைக் காவல் என்று நம்பவேண்டாம், புழு அதைக் கடித்துத் துளைக்கும். முட்டையிலிருந்து பொரித்து வந்த சின்னப் புழு போத்தல் மூடியின் புரிவழியாகக்கூட நுழையும். மூடிக்குள் இறப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் அனுப்பும் ஒட்டு அட்டையையும் சிலர் மாட்டுகிறார்கள். அதில் இருப்பது பெண் பூச்சியின் வாசம். ஆண் மட்டும் வந்து ஒட்டும், முட்டையிடுகிறவள் வரமாட்டாள். அதுவும் பெரும்பாலும் வேறு இன அந்துக்குச் செய்தது, எங்கள் அரிசி அந்து அதைச் சட்டை செய்யாது. தமிழ்நாட்டில் இதே அரிசி அந்தைக் கம்புக் குறுணலில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, டிரைக்கோகிரம்மா என்ற கண்ணுக்கு இலேசில் எட்டாத குளவியை அதில் பெருக்கி, கரும்புத் துளைப்பானை அடக்கத் தோட்டத்தில் கட்டுகிறார்கள்.

பூச்சி உருண்டையைச் சாப்பாட்டுச் சாமான் இருக்கும் அலுமாரியில் வைக்கவே வேண்டாம். களஞ்சியங்களில் பாவிக்கும் அலுமினியம் பொஸ்பைட் மாத்திரையோ ஆள்கொல்லி நஞ்சு. வீட்டு வாசலையே மிதிக்கக்கூடாது.

அரிசியைக் கொட்டிப் போத்தலைக் கழுவிய பிறகும் ஒரு மாதத்தில் அந்து திரும்பி வருகிறதென்றால், மூலையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். வளர்ந்த புழு எப்போதும் தின்ற இடத்திலேயே தங்காது. கூடு கட்ட ஏறி நடக்கும். அலுமாரியின் மேல் மூலை, ஆணித் துளை, தட்டில் விரித்த கடதாசியின் அடிப்பக்கம், போத்தல் மூடியின் விளிம்பு என்று ஒளிந்துகொள்ளும். கடதாசியை எடுத்து எறியுங்கள். சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீரில் துணியை நனைத்துத் துடையுங்கள், இடுக்குகளை ஊசியால் கிளறுங்கள். இன்று படுக்கப்போகமுன் ஒரு டோர்ச்சை எடுத்து, அலுமாரியின் மேல் மூலைக்கு ஒருதரம் அடித்துப் பாருங்கள்.