ஒளிவின்மையும் உலக சமாதானமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாய்மை தனிமனிதருக்குரிய அறம் என்பதை நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். அரசுகளுக்கும் அது உரியதா? தன் குறையை வெளியிற் சொல்லும் அரசு பகைவனுக்கு இடங்கொடுக்கின்றது என்பர் சிலர். சோவியத் நாட்டின் வரலாறு வேறு விடை தருகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்காவும் சோவியத் நாடும் பனிப்போர் நடத்தின. அணுவாயுதங்கள் மலைபோற் குவிந்தன. குறைப்போம் என்று பேசியபோதெல்லாம், "எதிரி ஒளித்து வைத்தால் என் செய்வது?" என்ற ஐயம் குறுக்கே நின்றது. வேலிக்கு அப்பால் நடப்பது தெரியாதவிடத்து அயலவன் மேற் சந்தேகம் வளர்வது இயல்பன்றோ?

1985 மார்ச்சில் கட்சிப் பொதுச் செயலாளரான மிகயில் கொர்பச்சேவ், 'கிளாஸ்நொஸ்த்' என்னும் வெளிப்படைக் கொள்கையை முன்வைத்தார். அக்கொள்கை பெரியதொரு சோதனையிலே இடறி வீழ்ந்தது. 1986 ஏப்ரில் 26 இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. இரண்டு நாட்களின் பின் சுவீடன் நாட்டு அணுநிலையமொன்றின் கருவிகளே கதிர்வீச்சை உலகுக்குக் காட்டின. கியெவ் நகர மக்கள் ஆபத்தின் அளவை அறியாது மேதின ஊர்வலஞ் சென்றனர். கொர்பச்சேவ் தொலைக்காட்சியில் வாய் திறந்தது மே 14 இல்.

அந்த வெட்கம் வீண்போகவில்லை. ஆகஸ்டில் வியன்னாவிலே விஞ்ஞானி வலேரி லெகாசோவ் குழுவினர் விபத்தைப் பற்றி நீண்ட அறிக்கை சமர்ப்பித்தனர். அது முழு உண்மையன்று. ஆயினும் முன்னர் காணாத அளவு உண்மை. டிசம்பரில், நாட்டுக்குள்ளேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அறிஞர் சாகரோவ் மொஸ்கோவுக்குத் திரும்பினார். பத்திரிகைகள் ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளை எழுதலாயின.

தன் மக்களுக்கு உண்மை சொல்லத் தொடங்கிய அரசின் சொல்லை அயலாரும் செவிமடுத்தனர். 1987 டிசம்பர் 8 இல் கொர்பச்சேவும் றேகனும் நடுத்தர ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். 1991 க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அவற்றுள் 1,846 சோவியத் நாட்டினுடையவை. சோவியத் நாட்டின் வொட்கின்ஸ்க் தொழிற்சாலை வாயிலில் அமெரிக்கப் பரிசோதகரும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே சோவியத் பரிசோதகரும் காவலிருந்தனர். "நம்பு, ஆனாற் சரிபார்" என்ற ருஷ்யப் பழமொழியை றேகன் அடிக்கடி கூறினார். 1989 இல் வெளிநாட்டமைச்சர் ஷெவர்ட்நாட்சே, கிராஸ்நொயார்ஸ்க் ராடர் நிலையம் 1972 ஆம் ஆண்டு உடன்படிக்கையை மீறியதென ஒப்புக்கொண்டார். தவற்றை ஒப்புக்கொண்டமை நம்பிக்கையைக் குலைக்கவில்லை, வளர்த்தது.

வெளிப்படை ஒன்றே பனிப்போரை முடித்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. பொருளாதார நலிவும், ஆப்கானிஸ்தான் யுத்தமும், கிழக்கைரோப்பிய மக்களின் எழுச்சியும் பங்குகொண்டன. மறைத்தவை வெளிவந்தபோது அவ்வரசும் தாங்காது 1991 இற் கலைந்தது. அது உண்மையின் குற்றமா? நெடுங்காலம் பொய்யின்மேற் கட்டியதன் குற்றம் என்போம்.

அவ்வொப்பந்தமும் நிலைக்கவில்லை. ருஷ்யா மறைவாக ஏவுகணை செய்ததென அமெரிக்கா குற்றஞ்சாட்ட, ருஷ்யா மறுக்க, 2019 ஆகஸ்டில் அது முறிந்தது. ஐயம் மீண்டது.

வாலிபர்களே, நம் திருவள்ளுவர் வாய்மைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். வல்லரசுக்கும் அதுவே காப்பென்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. நாளை சபைகளிலும் பதவிகளிலும் அமரப்போகும் நீங்கள், கணக்கை மறைத்துப் பெருமை தேடாது, குறையைச் சொல்லி நம்பிக்கை தேடுங்கள். சமாதானம் அங்கேதான் முளைக்கின்றது.