நீராவி உருளையின் சிற்றுருவம்



இம்மேசைமீது நிற்பது, முற்காலத்தில் சாலைகளைச் சமன்செய்த நீராவி உருளை வண்டியின் சிற்றுருவம். இங்கிலாந்தில், ராச்செஸ்டர் நகரில், 1862 இல் தோன்றியது ஏவ்லிங் அண்ட் போர்ட்டர் நிறுவனம். பின்கால்களில் எழுந்து நிற்கும் கெண்ட் வட்டாரக் குதிரையே அதன் சின்னம். அந்நிறுவனத்தார் செய்த வண்டியொன்று இந்நகரக் கிடங்கு ஒன்றில் துருவேறிக் கிடக்கக் கண்டோம். பழைய இரும்பாக விலைபோகுமுன் அளவேனும் எஞ்சட்டும் என்று ஞாயிறுதோறும் சென்று அளந்தோம்.

ஓரடிக்கு அரை அங்குலம் என்பது எங்கள் கணக்கு. ஐந்தடிப் பின்சக்கரம் இரண்டரை அங்குலமாயிற்று. எஸ்.பி. சாலையில் வாங்கிய பித்தளைக் குழாய் கொதிகலனாயிற்று. பிஸ்கட் டப்பாவின் தகரம் கூரையாயிற்று. ஆயத்த உறுப்பு ஒன்றேனும் வாங்கினோமில்லை.

முன்னுருளையைத் திருப்பும் சங்கிலியை மட்டும் அளந்திருக்கவில்லை. மீண்டும் சென்றபோது வண்டி அங்கில்லை. படங்களைப் பார்த்துச் சங்கிலியை இறுகப் பூட்டினோம். உருளை திரும்ப மறுத்தது.

இளமையில் அத்தகைய வண்டிக்குக் கரி அள்ளிப் போட்ட முதியவர் ஒருவர் நம் சங்கத்தில் உள்ளார். அவர் கண்டு நகைத்தார். “தம்பிகளா, சங்கிலி சற்றே தொய்ந்திருக்க வேண்டும், இறுக்கினால் வண்டி சொன்ன சொல் கேளாது” என்றார். அவ்வாறே தளர்த்தினோம், உருளை திரும்பிற்று.

செய்தவர் சின்னம் வண்டியின் நெற்றியில் இருந்தது. ஓட்டியவர், கரி போட்டவர், முன்னே கல் பரப்பியவர் பெயர்களோ எங்குமில்லை. ஆதலின் இச்சிற்றுருவின் அடிப்பலகையில் அப்பெரியவர் பெயரைப் பொறித்திருக்கிறோம். உங்கள் இல்லத்து முதியோர் செய்த தொழில்களையும் கேட்டு எழுதிவையுங்கள் என வேண்டி அமைகின்றோம்.