விடியலில் எழ இயலாக் குழந்தையும் ஔடத தானமும்



உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நால்வகைத் தானங்களை வகுத்தது சமண அறம். அவற்றுள் ஔடத தானம் என்பது மருந்துக் கடைக்குப் பணம் தருவதோடு முடிந்துவிடுவதா? இன்று எண்ணத்தக்க வினா இதுவே.

ஓசூரை அடுத்து, கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் ஜூஜுவாடியில் ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். தந்தைக்குத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட். விடியுமுன் கம்பெனிப் பேருந்து வந்துவிடும். தாய் அடுப்படியில் விரைகிறாள். ஐந்து வயதுப் பெண் குழந்தை பாயிலிருந்து எழ இயலாமல் அழுகிறது. முழங்கால் வீங்கியிருக்கிறது, நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. பத்து மணிக்கோ அதே குழந்தை தெருவில் விளையாடுகிறது. "பள்ளிக்குப் போகாதிருக்க நடிக்கிறாள்" என்கிறார் அண்டை வீட்டார். "எல்லாம் முன்வினை" என்கிறார் உறவினர். நோயினும் கொடிதாக இவ்விரு சொற்களும் தாயின் நெஞ்சில் தைக்கின்றன.

இந்நோய்க்கு இளம்பருவ மூட்டழற்சி என்று பெயர். 16 வயதுக்கு முன் தோன்றி, 6 வாரங்களேனும் நீடித்து, வேறு காரணம் காணப்படாத மூட்டழற்சியையே மருத்துவர் இவ்வாறு அழைப்பர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் தன் மூட்டையே பகையெனக் கொள்வதால் விளைவது இது. ஒட்டும் நோயன்று, தாயின் கவனக்குறைவால் வந்ததுமன்று. இரவெல்லாம் அசையாதிருந்த மூட்டு விடியலில் இறுகும். அசைய அசையத் தளரும். ஆதலின் காலையில் அழுத குழந்தை நண்பகலில் ஆடுவது நடிப்பன்று, நோயின் இயல்பு. லண்டன் மருத்துவர் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் 1897ஆம் ஆண்டிலேயே குழந்தைகளின் மூட்டுநோயைப் பற்றி விரித்து எழுதினார். "முதியோர் நோய் குழந்தைக்கு வருமா?" என்னும் ஐயம் மட்டும் இன்றும் தீரவில்லை.

பெற்றோர் மறவாது காக்க வேண்டியவை சில உள. இந்நோய் கண்ணின் உட்புறத்தையும் தாக்கக்கூடும். அப்போது கண் சிவக்காமலும் வலிக்காமலும் இருக்கலாம். ஆகவே மருத்துவர் குறிக்கும் இடைவெளியில், இளங்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 3 மாதத்துக்கு ஒருமுறை, கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் சோதனை செய்தல் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மருந்து வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே தரத்தக்கது. நாள்தோறும் தந்துவிடும் பிழை பெருங்கேடு விளைக்கும். நாட்காட்டியில் அந்தக் கிழமையை வட்டமிட்டு வைத்தல் நலம். தடுப்பூசி எதுவாயினும் மருத்துவரைக் கேட்டே போடுதல் வேண்டும். வலிக்கு அஞ்சி மூட்டை அசைக்காதிருப்பதும் தீங்கே. காலையில் வெந்நீர்க் குளியலும், பயிற்சியாளர் கற்பித்த அசைவுகளும் இறுக்கத்தைத் தளர்த்தும்.

இரவுணவு தவிர்க்கும் இல்லங்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். வலி குறைக்கும் மாத்திரைகள் பல உணவுக்குப் பின் உண்ணத்தக்கவை. விரதத்தை மருத்துவரிடம் மறையாது சொன்னால், மாலை வேளை மருந்தைக் கதிரவன் மறையுமுன் உண்ணும் உணவோடு பொருத்த இயலுமா என அவர் ஆராய்ந்து கூறுவார். தாமாக மருந்தை நிறுத்துதல் நோன்பாகாது.

சுற்றத்தார் செய்யத்தக்கது யாது? ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆயினும் ஷிப்டை விட்டால் கூலியை இழக்கும் தந்தைக்கு அது நெடுந்தொலைவே. மருத்துவமனைக்கு உடன் செல்ல ஒருவர், அன்று வீட்டிலுள்ள மற்றக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என முன்னரே விசாரித்துச் சொல்ல ஒருவர்: இம்மூவரும் ஔடத தானம் செய்தவரே. காலை இறுக்கத்தைப் பள்ளியில் எடுத்துரைத்து, முதல் பாடவேளைக்குத் தாமதமாக வர ஒப்புதல் பெற்றுத் தருபவர் கல்வித் தானமும் செய்தவராவார்.

வினைக் கோட்பாடு தன்னைத் திருத்திக்கொள்ள வகுக்கப்பட்டது; பிறர் வீட்டுத் துயரை அளக்கும் கோலன்று. உடற்குறை கண்டு அருவருக்காமையும், அறவழி நிற்போரிடம் அன்பு பாராட்டலும் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அடங்கும் என்பதை நினைவில் கொள்ளுதல் தகும்.

அடுத்த பூசைக்கு அக்குழந்தை ஜினாலயம் வரும். தரையில் சம்மணமிட்டு அமர இயலாது. ஒரு சிறு நாற்காலி இட்டு, ஏன் என்று ஒருவரும் வினவாதிருப்பாராயின், அன்றைய வழிபாடு முழுமை பெறும்.